கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு எதிர்ப்பு வந்தால்: முதல் நாளிலிருந்து பதில் கடிதம் வரை

"ஏனுங்க சார், இந்த மாதிரி புஸ்தகத்தையெல்லாம் பொம்பளப் புள்ளைங்க படிக்கற காலேஜ்ல எப்படிங்க வெச்சிருக்கறீங்க?"

கொங்குப் பக்கம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவருக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வரும். பெரும்பாலும் மரியாதையாகத்தான் வரும், 'ங்க' போட்டு, சில சமயம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடுகூட. அதனாலேயே புதியவர்கள் இதை ஒரு நூலக வேலையாக நினைக்காமல், வந்தவரைச் சமாதானப்படுத்தும் வேலையாக நினைத்துவிடுகிறார்கள். புத்தகத்தை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு "பார்த்துக்கறேனுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நானும் என் முதல் வருடத்தில் அதைத்தான் செய்தேன். அடுத்த மாதமே அதே ஆள் இன்னொரு புத்தகத்தின் பெயரோடு வந்தார்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். நான் பார்த்தவரை கெட்டுப்போன விவகாரங்களில் பாதி, படிகள் முன்பின்னாக மாறியதால் கெட்டவை.

1. புகார் வருவதற்கு முன்பே தயாராக வேண்டிய தாள்கள்

முதலாவது, நூல் தேர்வுக் கொள்கை. இரண்டு பக்கம் போதும். எந்தத் துறை எப்படிப் பரிந்துரைக்கிறது, யார் ஒப்புதல் தருகிறார், பாடத்துக்கு வெளியே என்னென்ன வாங்குவோம், எப்போது கழிப்போம் என்பவை அதில் இருக்கட்டும். "ஒரு நூல் இங்கே இருப்பதால் அதன் கருத்தைக் கல்லூரி ஏற்றுக்கொண்டதாகப் பொருளில்லை" என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். இப்படி ஒரு கொள்கை இல்லாவிட்டால் புத்தகத்தை எதை வைத்து எடைபோடுவது? அன்றைக்கு அறையில் இருக்கும் மூத்தவரின் விருப்பு வெறுப்பை வைத்துத்தான். கொள்கை ஆட்சிக்குழுவில் நிறைவேறி, தேதியும் தீர்மான எண்ணும் பெற்றிருக்க வேண்டும். புகார் வந்த பிறகு அவசரமாக எழுதினால், அந்த ஒரு புத்தகத்தைக் காப்பாற்ற எழுதியதாகத்தான் தெரியும்.

இரண்டாவது, அன்பளிப்பு நூல்களுக்கான விதி. இங்கே இது தனியாகத் தேவை. சாதி சங்கங்களும் அறக்கட்டளைகளும் தங்கள் சமூக வரலாற்று நூலை நாற்பது பிரதிகளாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். மறுக்கத் தயங்கி அத்தனையையும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றினால், ஆறு மாதத்தில் அடுத்த சமூகத்திலிருந்து புகார் வரும். விலைக்கு வாங்கும் நூலுக்கு என்ன அளவுகோலோ அதேதான் அன்பளிப்புக்கும் என்று எழுதி வைத்துவிட்டால், ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வாய் வரும்.

மூன்றாவது, மறுபரிசீலனை விண்ணப்பப் படிவம். அமெரிக்க நூலகச் சங்கம் இதற்கு மாதிரிப் படிவம் தருகிறது. அதை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம். நம் ஊர்க்காரர் ஒரே உட்காரலில் நிரப்பும் அளவுக்கு ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் போதும்.

நான்காவது, நூலகக் குழு. எல்லாக் கல்லூரியிலும் காகிதத்தில் இருக்கும். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் மட்டும் கூட்டக் குறிப்பில் கையெழுத்து வாங்கும் கல்லூரிகளும் உண்டு, அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். புகார்களை விசாரிக்கும் பொறுப்பு இந்தக் குழுவுக்கு உண்டு என்று நியமன ஆணையில் ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று: இந்த நடைமுறையை ஒரே பக்கத்தில் சுருக்கி முதல்வரிடமும் தாளாளரிடமும் முன்கூட்டியே கொடுத்து, கையொப்பம் வாங்கி வையுங்கள். நம் பக்கத்தில் இந்த விவகாரம் நூலகக் கவுன்ட்டரில் முடிவாவதில்லை. சாயங்காலம் ஊர்ப் பெரியவர் ஒருவர் தாளாளருக்குப் போன் போடுவார், "அதைய எடுத்துப் போடச் சொல்லுங்க மாப்ளே" என்பார், அவ்வளவுதான். தாளாளர் கெட்டவர் இல்லை; மறுத்துச் சொல்ல அவரிடம் ஒரு காரணம் இல்லை. "எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க மாமா, கமிட்டி இருக்குது, முப்பது நாள்ல பதில் சொல்லிருவாங்க" என்று அவர் சொல்வதற்கு அந்த ஒரு பக்கம் உதவும்.

2. வந்தவரை உட்கார வைத்துக் கேளுங்கள்

கவுன்ட்டரில் நிற்க வைத்துப் பேசாதீர்கள். மாணவர்கள் கூடுவார்கள், யாராவது செல்போனைத் தூக்குவார்கள், வந்தவருக்கும் குரலை இறக்க முடியாமல் போகும். உங்கள் அறைக்கு அழைத்து, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். மனசிலிருப்பதைக் கொட்டிவிட்டு அதோடு கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு.

ஒருமுறை ஒரு மாணவியின் அப்பா ஒரு நாவலின் நான்கு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டிருந்தது. முழுப் புத்தகத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். "இதையப் படிச்சதே போதுமுங்க" என்றார். நான் வாதாடவில்லை. அந்த நான்கு பக்கத்தையும் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கட்டத்தில் இரண்டு வார்த்தைகள் வாயில் வரக்கூடாது. ஒன்று "எடுத்துடறேன்", இன்னொன்று "எடுக்க முடியாது". இரண்டையும் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. "உங்க புகாரை எழுத்துல வாங்கிக் கமிட்டி முன்னால வைப்பேனுங்க" என்பதோடு நிறுத்துங்கள். இலக்கியத்தில் இதெல்லாம் சகஜம் என்று வகுப்பெடுக்கவும் வேண்டாம். அவர் அதைக் கேட்க வரவில்லை.

3. புக் கார்டை உருவிவிட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள்

பல பேர் சறுக்குவது இங்கேதான், சேதமும் இங்கேதான் அதிகம். பழைய கல்லூரி நூலகங்களில் இன்னும் புத்தகத்தின் பின்னட்டைப் பைக்குள் புக் கார்டு இருக்கும். எடுத்தவரின் பதிவு எண், சில இடங்களில் பெயரும்கூட, அதில் வரிசையாக இருக்கும். ஒரு கல்லூரியில் இளம் உதவியாளர் ஒருவர் "பார்த்துக்கோங்க" என்று புத்தகத்தை அப்படியே நீட்டினார். வந்தவர் முதலில் போட்டோ எடுத்தது அந்தக் கார்டைத்தான். மறுநாள் மூன்று மாணவிகளின் வீட்டுக்குப் போன் போயிருந்தது.

யார் என்ன படித்தார் என்பது நூலகத்துக்கும் வாசகருக்கும் இடையே உள்ள விஷயம். பெற்றோர், பேராசிரியர், நிர்வாகம் என யார் கேட்டாலும் அதைத் தரக்கூடாது. சாதியும் உறவும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் ஊரில் ஒரு பெயர் வெளியே போனால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், புத்தகம் திரும்பியதும் வாசகர் பெயர் வரலாற்றிலிருந்து நீங்கும் அமைப்பு அதில் இருப்பதைப் பார்த்து இயக்கி வையுங்கள். எத்தனை முறை வெளியே போனது என்ற எண்ணிக்கை மட்டும் நமக்குப் போதும்.

4. என்ன வகைப் புகார் என்று பிரியுங்கள்

எல்லாப் புகாருக்கும் ஒரே பாதை கிடையாது. படிவத்தைக் கொடுக்கும் முன்பே பிரித்துவிட்டால் பாதி வேலை குறையும்.

பாடத்திட்டம் பற்றிய புகார் நூலகத்துக்கு உரியதே அல்ல. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அது பாடத்திட்டக் குழுவுக்குப் போகட்டும். இணைவுக் கல்லூரி என்றால் பாரதியார், பெரியார் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு. 2020-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஒரு மாணவர் அமைப்பின் எதிர்ப்பை அடுத்து, முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அருந்ததி ராயின் நூல் ஒன்றை நீக்கியது. அது பாடத்திட்ட முடிவு. பாடத்திலிருந்து போனதாலேயே நூலகத்திலிருந்தும் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தாமாகவே புத்தகத்தை எடுத்து வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"இது தடை செய்யப்பட்ட புத்தகம்" என்ற புகாரா? அரசிதழ் அறிவிக்கையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். மாநில அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்வதாக அறிவிக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆம் பிரிவு இடம் தருகிறது (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 95). காரணங்களைச் சொல்லி அறிவிக்கை வெளியிட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த தகவல் அறிவிக்கை ஆகாது. சல்மான் ருஷ்டியின் நாவலை 1988-இல் இறக்குமதி செய்யத் தடை போட்டதாக நாடே நம்பியிருந்தது. வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் போனபோது அந்த அறிவிக்கையை எந்த அதிகாரியாலும் காட்ட முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காகிதத்தைக் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

தகவல் பிழை, காலாவதி பற்றிய புகார் என்றால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். "புதுச் சட்டம் 2024 ஜூலை 1-லேயே வந்துருச்சு, இன்னும் பழைய தண்டனைச் சட்ட கைடு எட்டு காப்பி வெச்சிருக்கீங்க சார்" என்று ஒரு மாணவர் வந்தார். அவர் சொன்னது சரி. ஆறு பிரதியைக் கழித்தோம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னும் பழைய சட்டம்தான் என்பதால் இரண்டை வைத்துக்கொண்டோம். இது வழக்கமான கழிப்பு, குழு வரை போகத் தேவையில்லை.

ஆய்வேடு பற்றிய புகார் கொஞ்சம் நுட்பமானது. நம் தமிழ்த்துறைகளில் தாலாட்டு, ஒப்பாரி, குலதெய்வக் கதை என்று களஆய்வு செய்த எம்.ஃபில். ஏடுகள் ஏராளம். பின்னிணைப்பில் பாடிக்கொடுத்தவரின் பெயர், வயது, சாதி, ஊர், கதவு எண் வரை இருக்கும். "எங்க ஆத்தா பேரும் வீட்டு விலாசமும் எதுக்குங்க இதுல?" என்று பேரன் வந்து கேட்டால், அவர் அந்த ஏட்டின் கருத்தை எதிர்க்கவில்லை. தனி ஒருவரின் விவரம் காக்கப்பட வேண்டும் என்கிறார். துறைத் தலைவரோடு பேசி அந்தப் பின்னிணைப்பை மட்டும் பொதுப் பார்வையிலிருந்து எடுத்து வைக்கலாம். ஏடு அலமாரியில் இருக்கும்.

மீதி இருப்பதுதான் உண்மையான எதிர்ப்பு: ஆபாசம், சாதியை இழிவுபடுத்துகிறது, சாமியைக் குறைத்துப் பேசுகிறது, அரசியல். கீழ்வரும் படிகள் இவற்றுக்காக.

5. எழுத்தில் வாங்குங்கள்

படிவத்தில் கேட்க வேண்டியவை: புகார் தருபவர் யார், கல்லூரியோடு என்ன தொடர்பு; நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு; முழுவதும் படித்தாரா, பகுதியா; எந்தப் பக்கங்கள்; எதனால் எதிர்க்கிறார்; என்ன செய்ய வேண்டும் என்கிறார். கடைசிக் கேள்விக்கு "நீக்கவும்" என்ற ஒரே கட்டத்தை மட்டும் வைக்காதீர்கள். "வேறு பார்வை கொண்ட நூலையும் வாங்கவும்", "விளக்கம் தேவை" என்றும் கட்டம் இருக்கட்டும். நீக்கச் சொல்லி வந்த சிலர் படிவத்தைப் பார்த்தபின் விளக்கத்தை டிக் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத வராதவர் என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். படிவத்தை ஒரு தடைக்கல்லாக்கி ஆளைத் துரத்துவது தப்பு; அவர் நேராக வெளியே போய் ஆள் சேர்ப்பார். தபால் பதிவேட்டில் வரவு எண் போட்டு, அன்றே ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். பெயரில்லாத கடிதத்தை ஃபைலில் வையுங்கள், நடவடிக்கை வேண்டாம்.

6. முடிவு வரும்வரை புத்தகம் அதன் இடத்தில்

அமெரிக்க நூலகச் சங்கத்தின் வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது: பரிசீலனை முடியும்வரை நூல் பயன்பாட்டில் இருக்க வேண்டும். காரணம் எளிது. விசாரணைக்கு முன்பே எடுத்துவிட்டால் தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்டீர்கள். பிறகு குழு "வைக்கலாம்" என்று சொன்னாலும், திரும்ப வைப்பது புதிதாக ஒரு சவால் விடுவதுபோல் ஆகிவிடும்.

குழுவினர் படிக்கப் பிரதி வேண்டும் என்றால் தனியாக வாங்குங்கள், அல்லது பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரவல் கேளுங்கள். அலமாரிப் பிரதியை எடுக்காதீர்கள்.

ஒளித்து வைப்பதற்குப் பல பெயர் உண்டு. "பைண்டிங்குக்குப் போயிருக்குது", "ரெஃபரன்ஸ்ல வெச்சாச்சு", "காணோம்". கடைசியது ஆபத்தானது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி, இருப்புச் சரிபார்ப்பில், வாசகருக்கு எடுத்துத் தந்த ஆயிரம் நூலுக்கு ஐந்து வரை இழப்பை இயல்பானதாக ஏற்கிறது. மற்ற நூலகங்களும் அதை அளவுகோலாகக் கொள்வதுண்டு. அந்த ஐந்துக்குள் எதிர்ப்பு வந்த புத்தகத்தைச் சொருகிவிடலாம் என்று ஒரு மூத்தவர் எனக்கு யோசனை சொன்னார். அந்த இழப்பு, முறைகேடோ கவனக்குறைவோ இல்லாத இழப்பாக இருக்க வேண்டும் என்று அதே விதி சொல்வதை அவர் படிக்கவில்லை.

7. குழுவுக்கு ஒரு கோப்பு

குழு கூடுவதற்குப் பத்து நாள் முன்பாக ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டியவை: புகார் படிவம், நூல் தேர்வுக் கொள்கை, யார் பரிந்துரைத்து எப்போது வாங்கியது என்ற பதிவு, எத்தனை முறை வெளியே போயிருக்கிறது என்ற எண்ணிக்கை, வந்த மதிப்புரைகள், எந்தப் பாடத்துக்குப் பயன்படுகிறது என்று துறையின் குறிப்பு. எண்ணிக்கை குறைவாக இருந்தால் பதற வேண்டாம். ஆறு வருடத்தில் மூன்று பேர் எடுத்த நூலும் கல்லூரிக்குத் தேவையானதாக இருக்கலாம்.

குழுவை ஒற்றைப்படையில் அமையுங்கள். தொடர்புடைய துறையிலிருந்து ஒருவர், அதற்குச் சம்பந்தமில்லாத துறையிலிருந்து ஒருவர், வேறு கல்லூரியிலிருந்து ஒருவர், முதுகலை மாணவர் ஒருவர், நூலகர். பெண்கள் இல்லாத குழு பெண்களைப் பற்றிய புகாரை விசாரிப்பதை ஒருமுறை பார்த்தேன், அது உருப்படவில்லை.

8. குழு உட்காரும் நாள்

முழு நூலையும் படித்தவர் மட்டும் பேசலாம் என்பது முதல் விதி. நூலகர் இதைச் சொல்லத் தயங்குவார், அதனால் முதல்வர் வாயால் சொல்ல வையுங்கள். கோடு போட்ட நான்கு பக்கத்தை மட்டும் வைத்துப் பேச ஆரம்பித்தால் எந்த நாவலும் தேறாது.

கேட்க வேண்டிய கேள்வி, "நமக்குப் பிடிக்கிறதா?" என்பது இல்லை. "கொள்கைப்படி இது இந்தத் தொகுப்பில் இருக்கத் தக்கதா?" என்பதுதான். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஆங்கிலேயரான எட்கர் தர்ஸ்டன் எழுதிய 1909-ஆம் வருட ஏழு தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பல வரிகள் இன்றைக்குப் படிப்பவரைச் சுடும். புகார் தருபவரின் கோபம் நியாயமானது. ஆனால் காலனிய அரசு நம்மை எப்படி வகைப்படுத்தியது என்று ஆராயும் மாணவருக்கு அந்த வரிகளே சான்று. அதன் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஒன்றுக்கு ஒட்டினால் மற்றவற்றுக்கு நாம் சான்றிதழ் கொடுத்ததாக ஆகும். பக்கத்திலேயே அதை விமர்சிக்கும் பிற்கால ஆய்வுகளை வாங்கி வைப்பது நல்ல வழி.

"குழந்தைகள் படிக்கும் இடம்" என்ற வாதம் கட்டாயம் வரும். கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் 18 முடித்தவர்கள், சட்டப்படி வயது வந்தவர்கள். முதலாண்டில் 17 வயதினர் சிலர் இருப்பார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அவர்களை வைத்து முதுகலை மாணவரின் அலமாரியைத் தீர்மானிக்க முடியாது.

கூட்டக் குறிப்பில் யார் என்ன சொன்னார் என்று பெயர் போட்டு எழுதாதீர்கள். காரணங்களையும் முடிவையும் எழுதுங்கள், மாறுபட்ட கருத்து இருந்தால் அதையும் பெயரின்றிச் சேருங்கள். அரசுக் கல்லூரிகளும் அரசு நிதியில் கணிசமாக நடக்கும் உதவிபெறும் கல்லூரிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருபவை. இந்தக் குறிப்பு என்றைக்காவது வெளியே போகும் என்று நினைத்தே எழுத வேண்டும்.

9. பதில் கடிதம்

முதல்வர் கையெழுத்தில், முப்பது நாளுக்குள், ஒரு பக்கத்துக்கு மிகாமல். "தங்கள் விண்ணப்பம் நூலகக் குழுவால் பரிசீலிக்கப்பட்டது. குழு உறுப்பினர்கள் நூலை முழுமையாகப் படித்தனர். கல்லூரியின் நூல் தேர்வுக் கொள்கை பிரிவு இன்னதன்படி நூலைத் தொடர்ந்து வைத்திருக்க முடிவு செய்யப்பட்டது" என்ற அளவில் போதும். ஆட்சிக்குழுவுக்கு மேல்முறையீடு செய்ய எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள். இலக்கியத்தின் மேன்மை, கருத்துரிமை என்று ஒரு பத்தி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் அந்தப் பத்திதான் நாளை வாட்ஸ்அப்பில் சுற்றும்.

நீக்க முடிவானால் காரணம் கொள்கையிலிருந்து வர வேண்டும். எதிர்ப்பு வந்தது என்பதே காரணம் ஆகாது.

10. விவகாரம் வாசலுக்கு வெளியே போனால்

காவல்துறையிலிருந்து வந்தால் மரியாதையோடு முதல்வர் அறைக்கு அழைத்துப் போங்கள். 98-ஆம் பிரிவில் அறிவிக்கை வந்த நூலைத் தேட, நீதித்துறை நடுவரின் வாரண்ட் பெற்ற, சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரி வர வேண்டும். வாரண்டோடு வந்தால் ஒத்துழையுங்கள், எடுத்துப்போனதற்குப் பட்டியல் எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சமாதானக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், கல்லூரி சார்பில் நூலகர் எதிலும் கையெழுத்திடக் கூடாது. இது நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்குத் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரி 12-இல் நாமக்கல்லில் பேச்சுவார்த்தை நடந்தது, அவரிடம் எழுதி வாங்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5-இல், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காதவர் படிக்காமல் விடலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றை நூலக ஃபைலில் வையுங்கள், நம் பக்கத்தில் பேச அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

பத்திரிகைக்காரர்களிடம் முதல்வர் ஒருவர் மட்டும் பேசட்டும். கவுன்ட்டர் ஊழியர்களுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

11. முடிந்த பிறகும் அலமாரியைப் பாருங்கள்

புகார் எண், நாள், முடிவு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் ஏற்றுங்கள். அடுத்த நூலகர் வரும்போது அவருக்கு அதுதான் கைவிளக்கு.

எதிர்ப்பு வந்த நூலை மூன்று மாதத்துக்கு வாரம் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். கடிதத்தில் தோற்றவர்கள் பிளேடோடு வருவதுண்டு. அந்த மஞ்சள் மார்க்கர் நாவலுக்கு அதுதான் நடந்தது. குழு வைக்கலாம் என்று சொல்லி ஐந்தாவது வாரம், அதே நான்கு பக்கங்களும் தையலை ஒட்டி அறுக்கப்பட்டிருந்தன. யார் என்று தெரியாது. அந்தப் பதிப்பு அப்போது கடைகளில் இல்லை. ஃபைலைத் திறந்தேன், அந்த மாணவியின் அப்பா கொடுத்துவிட்டுப் போன ஜெராக்ஸ் அப்படியே இருந்தது. அதையே இன்னொரு நகல் எடுத்து, அளவாக வெட்டி, ஓரத்தில் பசை தடவி ஒட்டினோம். மஞ்சள் கோடு மட்டும் சாம்பல் நிறத்தில் விழுந்திருந்தது. புத்தகம் இன்னும் அப்படித்தான் போய்வந்துகொண்டிருக்கிறது.